மும்பைத் தமிழர்களுக்கு, துறைமுக நிலம் குறித்து

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆண்டாப் ஹில்லிலும் வடாலாவிலும் தாருகானாவிலும் வாழும் தமிழ் மக்களுக்கும், மும்பையின் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

உங்களில் பலருடைய வீட்டிலிருந்து கிழக்குப் பக்கம் போனால் கடைசியில் ஒரு மதிலில்தான் போய் முட்ட வேண்டும். பி. டிமெல்லோ சாலை நெடுகிலும் அந்த மதில் கூடவே வரும். அதற்குப் பின்னால் கடல் இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. கொலாபாவின் சசூன் டாக் தொடங்கி வடாலா வரை 28 கிலோமீட்டர் கரையும், சுமார் 1,800 ஏக்கர் நிலமும் மும்பைத் துறைமுகத்தின் கையில் இருக்கின்றன. 1989-இல் எதிர்க்கரையில் நவா சேவா துறைமுகம் திறந்த பிறகு சரக்குப் பெட்டகங்கள் அங்கே போய்விட்டன. 1880-இல் திறந்த பிரின்சஸ் டாக், 1888-இல் திறந்த விக்டோரியா டாக் இரண்டையும் மண்கொட்டித் தூர்த்தாகிவிட்டது. இந்த நிலத்தில் வீடு, அலுவலகம், கடை, பூங்கா எல்லாம் கலந்த புதிய நகரப் பகுதி ஒன்றை உருவாக்க 2018-இல் வரைவுத் திட்டம் வெளியிட்டு, ஆட்சேபமும் கருத்தும் கேட்டார்கள். கடலோர நடைபாதை, சொகுசுக் கப்பல் முனையம், சிவ்டியிலிருந்து எலிபண்டா தீவுக்குக் கம்பிவட ஊர்தி என்று படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இவ்வளவு நடந்தும் நம் தமிழ் மேடைகளில் இதைப் பற்றிய பேச்சு போதிய அளவு எழவில்லை. அந்த மனக்குறையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

படங்களைப் பார்த்து நீங்கள் மகிழவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். படம் எப்போது வேண்டுமானாலும் மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது விதியின் ஒரே ஒரு வரியை: பொதுமக்களுக்கு உரிய பங்கை எந்த நிலத்தின் மேல் கணக்கிடப் போகிறார்கள் என்பதை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் உங்கள் ஊரிலேயே, உங்கள் கண்முன்னாலேயே, மில் நிலங்களின் தலையெழுத்தை மாற்றியது இந்த ஒரு வரிதான். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மில்கள் நிறைந்திருந்த கிரண்காவ் பகுதியில் சுமார் 600 ஏக்கர் நிலம் கேட்பாரற்று நின்றது. 1991-இல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி எண் 58 வந்தது. மில் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு எளியவர் வீட்டுக்காக மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடாவுக்கு, மீதி உரிமையாளருக்கு என்றது அந்த விதி. நியாயமான விதி. 2001-இல் அதைத் திருத்தினார்கள். பங்கின் அளவைத் தொடவில்லை, மூன்றில் ஒன்று மூன்றில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பங்கு மொத்த நிலத்தின் மேல் அல்ல, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தின் மேல் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஏக்கர் மில் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 12 ஏக்கரில் நூற்புக்கூடமும் நெசவுக்கூடமும் கிடங்கும் நிற்கின்றன, 3 ஏக்கர் காலி. பழைய விதிப்படி 5 ஏக்கர் பூங்காவுக்கு, 5 ஏக்கர் வீட்டுக்கு. திருத்திய விதிப்படி 1 ஏக்கர் பூங்காவுக்கு, 1 ஏக்கர் வீட்டுக்கு. மீதி 13 ஏக்கர் உரிமையாளருக்கு. நூற்புக்கூடத்தை நாளையே இடித்துக் கோபுரம் எழுப்பினாலும் அந்த 12 ஏக்கர் கணக்கில் வராது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மொத்த நிலத்தின் மேல்தான் பங்கு என்று சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது. சட்டப்படி எல்லாம் முடிந்துபோயிற்று. மஹாடா பங்கில் எழும் வீடுகளைக் கேட்டு விண்ணப்பித்த மில் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேல். குலுக்கலில் சாவி கிடைத்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதி. திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய விதியில் உரிமையாளருக்குக் கிடைப்பது குறைவு, அதனால் யாரும் நிலத்தை எடுத்து வரவில்லை, தொழிலாளிக்கு நிலுவைகூடக் கிடைக்காமல் போயிற்று என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதற்கு மாற்று, உரிமையாளருக்குக் கட்டடப் பரப்பைக் கூட்டிக் கொடுப்பதாக இருந்திருக்கலாம். பூங்கா நிலத்தைக் குறைத்ததை எந்தக் காலத்திலும் திருப்பி வாங்க முடியாது.

மில்கள் தனியார் சொத்து, துறைமுகம் அரசுச் சொத்து, இரண்டையும் ஒப்பிடலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மில்களில் 25 மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்துடையவை என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் 1996-இல் அமைந்த குழு, அந்த மில்களின் நிலத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் சேர்த்துத் திட்டமிட்டால் பெரிய பூங்காவும் வீடும் வேலையிடமும் எப்படிக் கிடைக்கும் என்று வரைந்தே காட்டியது. அந்த வரைபடம் வரைபடமாகவே நின்றுவிட்டது. 2005-இல் ஐந்து மில்களை ஏலத்தில் விற்றார்கள். நிலம் அரசுடையது என்பது அந்த இடத்தில் எந்தக் காப்பையும் தரவில்லை. துறைமுக நிலத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே காலி நிலம் என்று எதைச் சொல்வீர்கள்? கிடங்குகள், சரக்கு ரயில் தண்டவாளங்கள், நூறாண்டு பழைய குத்தகைகள், கப்பல் உடைக்கும் களங்கள், எண்ணெய்க் குழாய்கள், குடிசைகள் என்று பெரும்பகுதி ஏதோ ஒன்றால் மூடிக் கிடக்கிறது. குத்தகை நிலம் நீங்கலாக, ஆக்கிரமிப்பு நீங்கலாக, துறைமுகப் பயன்பாடு நீங்கலாக என்று மூன்று ‘நீங்கலாக’ விதியில் நுழைந்தால் போதும். திட்டத்தின் முகப்பில் எத்தனை சதவீதம் பூங்கா என்று எழுதியிருந்தாலும் அது காகிதத்தில்தான் நிற்கும்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எழுதும்போது என் மனம் கௌலா பந்தருக்குப் போகிறது. தாருகானாவை ஒட்டிய துறைமுக நிலத்தில், பன்னிரண்டாயிரம் பேர் அளவில் வாழும் குடியிருப்பு அது. அங்கே முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறகு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தார்கள். நிலம் மத்திய அரசின் கீழ் இருப்பதால் மாநில அரசின் குடிசைச் சட்டப்படி அது அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதி ஆகவில்லை. அறிவிக்கப்படாததால் முறையான குடிநீர் இணைப்பு கிடைக்கவில்லை. சாலையோரம் போகும் மாநகராட்சிக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சி, நீண்ட ரப்பர் குழாய்களைச் சந்து சந்தாக இழுத்துவந்து தண்ணீர் விற்றார்கள். குழாய் தன் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து நீலப் பீப்பாயையும் குடத்தையும் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது, தவறினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அங்கே நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2013-இல் வெளியானது. மாநகராட்சியின் கட்டணம் 1,000 லிட்டருக்கு ரூ. 2.25 இருந்தபோது, கௌலா பந்தர் மக்கள் அதைப்போல 52 முதல் 206 மடங்கு வரை கொடுத்திருக்கிறார்கள். சில பருவங்களில் 95 சதவீதம் பேருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கிய இந்த மக்களின் பெயர் நகரத்தின் கணக்கில் இல்லை. திட்டம் வரும்போது முதலில் காலி செய்யச் சொல்லப்படுவது யாரென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அனுமதியில்லாமல் குடியேறியவர்களுக்கு விலைமதிப்பற்ற கடற்கரையில் வீடா என்ற கேள்வி கட்டாயம் வரும். நம்மவர்களே கேட்பார்கள். சொந்தக் காசில் கடன் வாங்கி பதலாபூரிலோ விராரிலோ வீடு வாங்கி, தினமும் ரயிலில் நசுங்கி வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த நிலத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். அதில் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த மண். 19-ஆம் நூற்றாண்டில் எல்பின்ஸ்டன் என்ற தனியார் கம்பெனி கரையைத் தூர்த்துத் தன் கையில் வைத்துக்கொண்டது. கப்பல் வாணிகத்தின் குடுமி ஒரு கம்பெனியின் கையில் போய்விடும் என்று அஞ்சி, அரசே பொதுப்பணத்தைக் கொட்டி அந்தக் கரையைத் திரும்ப வாங்கியது. அதை வைத்துத்தான் 1873-இல் துறைமுகத்தை நடத்தப் போர்ட் டிரஸ்ட் உருவானது. தனியாரிடம் போன கரையைப் பொதுமக்கள் ஒருமுறை விலை கொடுத்து மீட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அந்தத் துறைமுகம் ஓடியது மூட்டை சுமந்தவர்களாலும் கப்பல் உடைத்தவர்களாலும்தான். அவர்களுக்குக் குடியிருப்பு கட்டித்தரும் கடமை நிறைவேறாததால்தான் வேலை இருந்த இடத்திலேயே குடிசை முளைத்தது. துறைமுகத்துக்கும் அதன் குத்தகைதாரர்களுக்கும் நடந்த வாடகை வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: அரசு அமைப்பு நில உரிமையாளராக இருக்கும்போதும் நியாயமாகவே நடக்க வேண்டும், கொள்ளை லாபம் அதன் நோக்கமாக இருக்கக் கூடாது. குத்தகைதாரருக்குப் பொருந்தும் இந்த நியாயம் குடிசைக்காரருக்குப் பொருந்தாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியானால் துறைமுகத்தின் செலவுக்கு எங்கே போவது, ஓய்வூதியம் வாங்கும் பழைய தொழிலாளர்களுக்கு யார் கொடுப்பது என்று அடுத்த கேள்வி. உங்களில் பலருடைய வீட்டிலேயே அந்த ஓய்வூதியம் வருகிறது, ஆகவே இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலத்திலிருந்து வருமானம் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலத்தை ஒரே தடவையில் கைமாற்றிப் பெரிய தொகை வாங்கினால் பத்தாண்டில் அது கரைந்துபோகும், ஓய்வூதியமோ மாதா மாதம் வேண்டும். நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக் குத்தகை வாங்கினால்தான் அதற்கு ஈடாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் பழைய துறைமுகத்தில் 157 ஹெக்டேரை நகரப் பகுதியாக மாற்றிவருகிறது. 1997-இல் அறிவிப்பு, 2000-இல் பெருந்திட்டம். மனைகளை அவர்கள் விற்கத்தான் விற்கிறார்கள், ஆனால் விற்கும் முறையைக் கவனியுங்கள். அதிக விலை கேட்டவருக்கு மனை தானாகப் போய்விடாது. அங்கே என்ன கட்டப் போகிறார், தரைத்தளத்தில் யாருக்கு இடம், வீட்டில் எத்தனை பங்கு மானிய வாடகைக்கு என்பதற்கு விலையைவிடக் கூடுதல் எடை. தேர்வானவருக்கும் உடனே பத்திரம் எழுதித் தருவதில்லை. திட்டத்தை முடித்து அனுமதி வாங்கும்வரை மனையை அவர் பெயரில் ஒதுக்கி மட்டும் வைக்கிறார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் மனை நகரத்திடமே திரும்பிவிடும். ஜெர்மனி பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடாதீர்கள். இதில் பணம் செலவாகும் இடம் எதுவும் இல்லை, விதியை எழுதுகிறவருக்கு உறுதி மட்டும் வேண்டும். அந்த உறுதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் டாக்லாண்ட்ஸ் இருக்கிறது. அங்கே 1981-இல் உள்ளூர் மன்றங்களிடமிருந்து திட்டமிடும் அதிகாரத்தை எடுத்துத் தனிக் கழகத்திடம் கொடுத்தார்கள். கேனரி வார்ஃப் கோபுரங்கள் எழுந்தன. 1992-இல் அதைக் கட்டிய நிறுவனமே திவாலானது. சந்தையை மட்டும் நம்பினால் சந்தை விழும்போது நகரமும் சேர்ந்து விழும்.

கலப்புப் பயன்பாடு என்ற சொல்லைத் திட்டக்காரர்கள் விரும்பிச் சொல்கிறார்கள். அதற்கு உங்களைவிட நன்றாகப் பொருள் சொல்லக்கூடியவர்கள் யார்? தாராவியில் ஒரே சந்தில் தோல் பையும் தைக்கிறார்கள், மேலே குடும்பமும் நடக்கிறது. விடியும் முன்னே நம் வீடுகளில் அவித்த இட்லிதான் பாத்திரத்தில் ஏறி மும்பை முழுக்கப் போகிறது. வீடும் வேலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தான் ஒரு குடும்பம் இந்த ஊரில் தாக்குப்பிடிக்கிறது. திட்டத்தில் சொல்லப்படும் கலப்பு அலுவலகமும் ஆடம்பர வீடும் பேரங்காடியும் மட்டும் கலந்ததாக இருந்தால், அந்தக் கலப்பில் உங்களுக்கு இடம் கிடையாது. இந்தக் கரையில் இன்னும் வேலை நடக்கிறது. சசூன் டாக்கில் மீன் இறங்குகிறது, பாவ்ச்சா தக்காவில் படகு புறப்படுகிறது, தாருகானாவில் பழைய கப்பல் இரும்பாகப் பிரிகிறது, ரே ரோட்டில் அந்த இரும்பு விலைபோகிறது. இதில் சில வேலைகள் ஆபத்தானவை. அஸ்பெஸ்டாஸும் எண்ணெய்க் கசிவும் தொழிலாளியைக் கொல்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவைக்க நான் கேட்கவில்லை. அந்தத் தொழிலாளி அடுத்து எந்த வேலைக்குப் போவார், அவருடைய பட்டறைக்கு எந்தத் தளத்தில் இடம், என்ன வாடகை என்பது திட்டத்தின் உள்ளேயே எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

வீடு வேண்டும் என்று கேட்டால் பூங்காவுக்கு இடம் போய்விடும், ஒன்றை விட்டால்தான் ஒன்று என்றும் ஒரு வாதம் வைப்பார்கள். மும்பையில் ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே பூங்கா கேட்பவர்கள் உங்கள் எதிரிகள் அல்லர். சிவ்டிச் சேற்றில் இறங்கும் பூநாரைகளுக்காகப் பேசுகிறவர்களும் அல்லர். அந்தச் சதுப்பும் அலையாத்தியும் இருந்தால்தான் பெருமழையில் தாழ்வான வடாலாவுக்கும் நல்லது. வீட்டையும் பூங்காவையும் மோதவிட்டு, இரண்டுக்கும் உரிய பங்கை மூன்றாவது ஆள் கொண்டுபோவதுதான் மில் நிலத்தில் நடந்தது. இன்னொரு வழியும் காட்டுவார்கள்: வேறெங்காவது வீடு தருகிறோம், அங்கே போங்கள் என்று. அந்த வேறெங்காவது எது என்பதற்கு மாஹுல் சாட்சி. தான்சா குடிநீர்க் குழாயோரம் வீடு இழந்தவர்களை மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மூச்சுவிட முடியாமல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அங்கே போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு இடம் தர முடியாவிட்டால் வாடகை கொடு என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவைப் பெற அவர்கள் பட்ட பாடு கௌலா பந்தர் மக்களுக்கு மறுபடி வர வேண்டுமா?

இதையெல்லாம் படித்துவிட்டு, நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர் வம்பில் தலையிடலாமா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் வேர் எனக்குத் தெரியும். 1960-களில் தென்னிந்தியர் கடைகளும் உணவகங்களும் தாக்கப்பட்டதை மறந்த குடும்பம் நம்மில் இல்லை. அப்போதிலிருந்து, குரலை உயர்த்தாமல் வேலையைப் பார்ப்பதே பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறோம். ஆனால் இந்த நிலத்தில் உங்கள் கேள்வி மராத்தியர்களுக்கு எதிரான கேள்வி அன்று. கிரண்காவில் தங்கள் பங்கை இழந்தவர்களில் பெரும்பாலோர் கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த மராத்தித் தொழிலாளிகள்தான். இந்தக் கரையின் மூத்த குடிகள் கோலி மீனவர்கள். எந்த வரியில் ஏமாந்தோம் என்பது அந்த மில் தொழிலாளிகளுக்கு மனப்பாடம். இந்த இரு சாராரோடும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் உங்களை வெளியூர்க்காரர் என்று யாரும் ஒதுக்க முடியாது. தமிழர் தனியாக ஒரு மனு, மராத்தியர் தனியாக ஒரு மனு என்று போனால் இரண்டும் அலமாரியில்தான் தூங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சங்கப் பொறுப்பாளர்களே, பொங்கல் விழாவுக்கும் தமிழ் வகுப்புக்கும் எடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். உங்கள் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, வரைவுத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, வழக்கறிஞர் ஒருவரையும் கட்டடக் கலைஞர் ஒருவரையும் வைத்துத் தமிழில் விளக்கம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் அந்தப் படிப்புப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கௌலா பந்தரிலும் தாருகானாவிலும் இருக்கும் குடும்பங்களே, யாரோ வந்து கணக்கெடுக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சந்து வாரியாக வீட்டு எண், குடியேறிய ஆண்டு, செய்யும் தொழில் மூன்றையும் எழுதி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை நகலோடு ஒரு பதிவேடு தயாரித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பெயரையும் வாடகைக்கு இருப்பவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பிறகு கோலி சங்கங்களோடும் மில் தொழிலாளர் சங்கங்களோடும் துறைமுக ஓய்வூதியர்களோடும் உட்கார்ந்து, துறைமுக ஆணையத்துக்கும் மாநில அரசுக்கும் உங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். அதில் மூன்று வாசகம் போதும். பூங்காவுக்கும் எளியவர் வீட்டுக்கும் பட்டறைக்கும் உரிய பங்கு, குத்தகை நிலமும் கட்டட நிலமும் உட்பட மொத்த நிலத்தின் மேல் கணக்கிடப்பட வேண்டும். நிலம் விற்கப்படாமல் குத்தகைக்கே விடப்பட வேண்டும். இப்போது அங்கே வாழ்பவர்களைக் கணக்கெடுத்து, அந்தக் கரையிலேயே அவர்களுக்கு வீடு உறுதியாகும் முன் முதல் மனைக்கு ஒப்பந்தம் போடக் கூடாது. மனுவின் மராத்திப் படியை மேலே வையுங்கள், தமிழ்ப் படியைக் கூட இணையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கிச் சங்கத்தில் பத்திரமாக வையுங்கள்.

அன்புடனும் கவலையுடனும்,
உங்களில் ஒருவன்